கிணற்றடிக்கு வந்த எழுத்து

ஈழத்துத் தமிழ் நாவலின் பிறப்பை ஆராயப் புகுவோர் முதலில் ஒரு பத்திரிகாலயத்தின் வாசலிலேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய கண்டி அறிஞர் சித்திலெவ்வை, 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். தம் சமூகத்தின் கல்விக்காக இதழ்தோறும் வாதாடிய அதே பேனாதான் கதை சொல்லவும் புறப்பட்டது. பின்வந்தோரிலும் இத்தொடர்பு அறவில்லை. இளங்கீரன் 'மரகதம்' இதழை நடத்தினார். அவருடைய 'நீதியே நீ கேள்' தினகரனில் தொடராக வந்து பின்னர் நூலாயிற்று. இந்த வரிசையிற் சற்று விலகி நிற்கும் ஒருவரைப் பற்றியே நாம் இங்கு பேசப் போகிறோம். அவர் புங்குடுதீவு மு. தளையசிங்கம்.

விலகி நிற்பவர் என்றோம். பத்திரிகை அவருக்குச் சீவனோபாயம் அன்று. நம்மைப் போல அவரும் பள்ளிக்கூட வாத்தியார். சஞ்சிகைகளில் விமரிசனமும் சிறுகதையும் எழுதிப் பெயர் பெற்று, நாவலும் எழுதி, பின்னர் 'சத்தியம்' என்னும் இதழைத் தாமே நடத்தினார். இன்னொரு விதத்திலும் அவர் விலகி நின்றவர்தாம். முற்போக்கு அணியினருக்கு அவர் ஒருபோதும் இனியவராக இருந்ததில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1935இல் பிறந்த தளையசிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றார். அவருடைய தலைமுறை பல்கலைக்கழகத்தில் நடமாடிய காலத்திலேதான் 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்து 1958இன் இனக்கலவரம். அந்த வடு ஆறாத மனத்தோடு அவர் எழுதிய நாவலே 'ஒரு தனி வீடு'. தமிழருக்கெனத் தனி வீடு வேண்டுமா என்னும் கேள்வியைத் தலைப்பிலேயே தாங்கிய அந்நூல் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. 1984இலேதான் வெளிவந்தது, அதாவது 1983 ஜூலையின் தீ தணியாத வேளையில். எழுதியபோது கேள்வியாக இருந்தது, வாசகர் கைக்கு வந்தபோது பிணங்களின் நடுவே நிற்கும் செய்தியாகிவிட்டது. நாவலைக் காலத்தோடு வெளியிட ஆளில்லாத சமூகம் தன் எச்சரிக்கைகளையும் காலங்கடந்தே வாசிக்கிறது. இதில் நம் அணியினருக்கும் பங்கில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

'புதுயுகம் பிறக்கிறது' என்னும் கதைத் தொகுதி 1965இல் வந்தது. 'தொழுகை', 'கோட்டை' முதலிய கதைகளில் யாழ்ப்பாணத்து வேளாள ஒழுக்கத்தின் பொய் முகத்தை அவர் கிழித்தெறிவதைக் காணலாம். 1956 முதல் 1963 வரையிலான எழுத்தை எடைபோட்ட 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கு எழுத்தாளரை அவர் விட்டுவைக்கவில்லை. கைலாசபதி முதலிய விமரிசகரோடு அவர் தொடுத்த சண்டை 'போர்ப்பறை' வரை நீண்டது. பொருளியலை மட்டும் மாற்றினாற் போதாது, மனிதனின் உள்ளமும் மாற வேண்டும் என்றார். அதிலிருந்து ஆன்மிக வழியொன்றுக்குத் தாவினார். எம். ஏ. நுஃமான் அவருடைய 'பிரபஞ்ச யதார்த்தவாத'த்தை அலசி, அதன் தருக்கப் பிழைகளை விரிவாக எடுத்துக் காட்டினார். அவ்விவாதத்தில் நாம் நுஃமான் பக்கம். பரிணாமத்தின் அடுத்த படி பேர்மனத்தில் இருக்கிறது என்பதை நம்பி உழைப்பாளி தன் கூலியை மறந்திருக்க முடியாது.

ஆனால் 1971இல் நடந்ததை வைத்து எடைபோட்டால் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

தீவுகளை அறியாத வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஆறில்லை, மலையில்லை. சுண்ணக்கற் பாறையினுள் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணறு தீவுக்கு ஆங்காங்கே சிலவே. கிணறு யார் கையிலோ ஊர் அவர் கையில். புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணறுகள் நல்ல தண்ணீர்க் கிணறுகள். தாழ்த்தப்பட்ட மக்கள் அவற்றில் தாமே அள்ளக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு, அள்ள உரிமையுள்ள ஒருவர் மனமிரங்கி வார்க்கும்வரை காத்து நிற்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. சாதியின் பெயரால் மக்களை ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஏட்டிலிருந்த அச்சட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவை 1966க்குப் பிந்திய சங்கானை, மாவிட்டபுரம் போராட்டங்கள். அவற்றில் இடதுசாரிகள் குருதி சிந்தினர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அக்களத்திலேதான் உருவாயிற்று. இந்த வரலாற்றை நாம் பெருமையோடு படிப்பிக்கிறோம். எனினும் புங்குடுதீவுக் கிணற்றடியில் சத்தியாக்கிரகம் தொடங்கியவர், நாம் 'ஆன்மிகவாதி' என்று தள்ளிவைத்த அந்த ஆசிரியரே. பிறப்பால் அவருக்கு அக்கிணற்றில் எந்தத் தடையுமில்லை. அள்ளத் தடைப்பட்டவர்களோடு சேர்ந்து அவர் போனார். பொலிசார் அவரைப் பிடித்தனர், அடித்தனர், சிறையில் வைத்தனர். அதன்பின் உடல்நலம் குன்றி 1973 ஏப்ரல் 2இல் நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். 'மெய்யுள்' அடுத்த ஆண்டில் அச்சாயிற்று. அவருடைய நிழலில் வளர்ந்தவர்களுள் தம்பி மு. பொன்னம்பலமும் கவிஞர் சு. வில்வரத்தினமும் முக்கியமானோர்.

போர்க்காலத்தில், 1991 அளவில், தீவு பெரும்பாலும் வெறிச்சோடியது. அள்ளியவர்களும் அள்ளவிடாதவர்களும் ஒரே வள்ளத்தில் ஓடினார்கள். வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் போகிறவர் இன்றும் கூரையிழந்த கல்வீடுகளையும், பற்றை மூடிய கிணறுகளையும் பார்க்கலாம். கோடையில் குடிதண்ணீர் பவுசரில் வருகிறது.

அண்மையில் தீவுப் பாடசாலை ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு இவ்வரலாற்றைச் சொன்னோம். நாவலைப் பற்றியோ மெய்யுளைப் பற்றியோ எவரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அதுக்கு முந்தி அவையள் என்ன தண்ணி குடிச்சவை?" என்றாள்.

உவர்க்கிணற்றில் அள்ளியிருப்பார்கள், இல்லையேல் குடத்தோடு நின்றிருப்பார்கள் என்றோம்.

"எவ்வளவு நேரம் சேர்?" என்று மீண்டும் கேட்டாள்.