என்ஜின் தூய்மைத் திரவமும் அதன் பின் வரும் கோளாறும்: ஒரு வரலாறு

காரின் என்ஜினுக்குள் படியும் கரியையும் பிசினையும் கரைப்பதற்காகப் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் திரவம் ‘இன்ஜெக்டர் கிளீனர்’ என்ற பெயரில் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அதை ஊற்றிய சில நாட்களில் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கினால் பழி முழுவதும் திரவத்தின் மேல் விழும். சில வேளைகளில் அது நியாயமே. ஆனால் பல நேரங்களில் திரவம் புதிய நோயைக் கொண்டுவருவதில்லை. டேங்கிலும் குழாயிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்ததைக் கிளப்பிவிடுகிறது. எது எனப் பிரித்தறியாமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும்.

மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூரில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வருவோரின் கார்களால் முகூர்த்த நாட்களில் கோயிலைச் சுற்றிய தெருக்கள் நிறைந்துவிடும். அவற்றுள் பல, மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றுவிட்டு நெடும்பயணத்துக்கு மட்டும் வெளியே வருபவை. கிளம்பும் முன் டேங்கில் ஒரு புட்டி ஊற்றிக்கொள்வோரும் உண்டு. தேவர்களின் அமுதக் குடம் தங்கிய ஊர் என்கிறது தலபுராணம்; அமுதத்தைப் புட்டியில் தேடும் ஆசை கார் வைத்திருப்பவர்களுக்கும் இருக்கிறது.

ஈயத்தில் தொடங்கிய கதை

பெட்ரோலில் மருந்து சேர்க்கும் பழக்கத்தில் பெரும் திருப்பம் 1921இல் வந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் என்ஜினின் தட்டல் ஓசை நிற்பதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் எரிந்த ஈயம் பிளக்குகளிலும் வால்வுகளிலும் படிந்தது. அதை வெளியேற்றப் புரோமின் சேர்மம் ஒன்றையும் கலக்க வேண்டியதாயிற்று. ஒரு மருந்தின் விளைவைத் தீர்க்க இன்னொரு மருந்து! 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் ஈய நஞ்சால் தொழிலாளர்கள் இறந்த பிறகும் விற்பனை தொடர்ந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் பரவியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது.

கரியைச் சுரண்டிய காலம்

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குக் கண்ணும் காதும்தான் கருவி. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். தேநீர்ப் பழுப்பு என்றால் நலம். கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு அதிகம். ஈரமாக இருந்தால் தீப்பொறி வரவில்லை. கரி மிகுந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவார்கள். 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடரின் பழைய வண்டிகளில் இந்த ‘டீகார்ப்’ வேலையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1950களிலேயே கார்புரேட்டரைக் கழுவும் சேர்மங்கள் பெட்ரோலில் கலக்கப்பட்டன. 1980களில் இன்ஜெக்டர் பரவியபோது புதிய சிக்கல் எழுந்தது. என்ஜினை அணைத்த பின் மிஞ்சும் சூட்டில், இன்ஜெக்டர் முனையில் தங்கிய பெட்ரோல் துளி வற்றிப் பிசினாகிறது. நுண்ணிய துளை அடைபடுகிறது. இதற்குத் தீர்வாக வந்தவற்றுள் முக்கியமானது பாலியீதர் அமீன். அதன் மூலக்கூறின் ஒரு முனை அழுக்கைப் பற்றும், மறுமுனை பெட்ரோலில் கரையும். துணி சோப்பின் வேலைதான். 1995 முதல் அமெரிக்காவில் பெட்ரோலில் தூய்மைச் சேர்மம் கட்டாயம். இந்தியாவில் 2000களின் தொடக்கத்தில் எண்ணெய் நிறுவனங்கள் இதைக் கலந்து ‘பிரீமியம்’ பெட்ரோலாக விற்றன.

நம் நாட்டில் அழுக்குக்கு வேறொரு ஊற்றும் இருந்தது: ரேஷனுக்கென நீலச் சாயமிட்ட மண்ணெண்ணெய். அதைக் கலந்த பெட்ரோல் முழுதாக எரியாமல் கரியையும் பிசினையும் விட்டுச்செல்லும். கலப்படத்துக்காக ஒரு பங்க்கை மூடிய இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. பங்க்கில் வடிதாள் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் உரிமை வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. நல்ல பெட்ரோல் கருந்திட்டு விடாமல் ஆவியாகும். எத்தனை பேர் கேட்கிறோம்?

பங்க்கிலேயே கலந்து வரும் கரைப்பான்

2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலப்பது தொடங்கியது. 2022இல் நாட்டளவில் 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனாலும் ஒரு கரைப்பானே. பழைய டேங்கின் படிவைக் கிளப்பிப் பில்டருக்கு அனுப்பும். அதோடு ஈரத்தையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்குடன் நிற்கும் காரில் நீர் அளவு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனிப்படலமாகப் பிரிந்துவிடும். டேங்க்கின் அடியிலிருந்துதான் பம்பு உறிஞ்சுகிறது. ஆக, புட்டி ஊற்றிய நாளில் வந்த கோளாறுக்கு அன்று போட்ட பெட்ரோலோ பழைய நீரோ காரணமாக இருக்கலாம்.

கண்டறியும் முறை

முதலில் நாட்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எப்போது ஊற்றியது, எந்த பங்க்கில் நிரப்பியது, எத்தனை கிலோமீட்டருக்குப் பின் குலுங்கியது. டேங்கிலிருந்து சிறிது பெட்ரோலை மெக்கானிக் மூலம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அரைமணி வைத்தால் அடியில் நீர் தெரியும். நெருப்புக்கு அருகில் இதைச் செய்யவே கூடாது.

1996 முதல் அமெரிக்கக் கார்களிலும், 2010களில் இந்தியக் கார்களிலும் தன்கோளாறு அறியும் கருவி கட்டாயமாயிற்று. ஸ்கேனரை மாட்டியதும் பிழைக் குறியீட்டை அழித்துவிடும் அவசரம் பல இடங்களில் உண்டு. அழிக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அதன் இக்னிஷன் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக நகர்ந்தால் பழுது காயிலில், திரவத்துக்குத் தொடர்பில்லை. நகராவிட்டால் பிளக், அடுத்து இன்ஜெக்டர். பி0300 என்று பல சிலிண்டர்களிலும் தாறுமாறாக வந்தால் பெட்ரோல், பில்டர், பம்பு அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெயர்ந்த கரித்துண்டு வால்வில் சிக்கியிருந்தால் கம்ப்ரஷன் சோதனை காட்டிக்கொடுக்கும்.

என்ஜின் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிச் சிதைக்கும். அதன் விலையோடு ஒப்பிட்டால் புட்டியின் விலை ஒன்றுமில்லை.

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் புதுவகை என்ஜின்களில் பெட்ரோல் உள்வால்வின் பின்புறத்தைத் தொடுவதேயில்லை. அங்கே படியும் கரிக்கு டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் எட்டாது; மறுபடியும் கழற்றிச் சுரண்டவோ, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித் தேய்க்கவோதான் வேண்டியிருக்கிறது.