தீர்ப்பும் சமாதானமும்

உடன்பிறந்தார் இருவர் ஒரு வரப்பின் பொருட்டு நீதிமன்றம் ஏறித் தீர்ப்புப் பெற்ற பின்னும் பகை நீங்காது, முடிவில் நிலத்தையும் உறவையும் ஒருங்கே இழத்தலை நம் குலத்தாருள் யாம் பலகாலும் கண்டு வருந்தியுள்ளோம். தீர்ப்பு வேறு, சமாதானம் வேறு. இதனை விளக்குதற்குத் தென்னமெரிக்காவின் சரித்திரமொன்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

அர்ஜென்டீனாவும் சிலியும் ஸ்பானியப் பேரரசினின்றும் பிரிந்த நாடுகள். மொழியும் சமயமும் ஒன்றாதலின் அவற்றை உடன்பிறப்பு என்னலாம். இடையே ஆண்டீஸ் மலை நிற்கின்றது. நீரைப் பகுக்கும் உயர்ந்த சிகரங்களே எல்லையென 1881-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறிற்று. ஆனால் தென்பகுதியில் உயர்ந்த சிகரங்கள் ஓரிடத்தும், நீர் பிரியுமிடம் வேறோரிடத்துமாக அமைந்திருந்தன. சிகரமே எல்லை என்றது அர்ஜென்டீனா. நீர்ப்பிரிவே எல்லை என்றது சிலி. இரு அரசுகளும் போர்க்கப்பல்களைப் போட்டியிட்டு வாங்கலாயின.

எனினும் 1902 மே மாதத்தில் இருவரும் தெளிவடைந்து, பிரிட்டிஷ் மன்னரை மத்தியஸ்தராக ஏற்று, கடற்படைகளைக் குறைக்கவும் இசைந்தனர். இந்திய எல்லைப்புற நில அளவையில் தேர்ந்த ஸர் தாமஸ் ஹோல்டிச் அம்மலைநாட்டை நேரிற் சென்று கண்டார். அவ்வாண்டு நவம்பரில் வந்த தீர்ப்பு, இருவர் கோரிக்கைக்கும் நடுவே எல்லையை வகுத்தது. 1904 மார்ச் 13-ல் மலைக்கணவாயில் ஏசுநாதர் திருவுருவம் ஒன்று சமாதானச் சின்னமாக நிறுவப்பெற்றது.

நிற்க. தென்கோடியில் பீகிள் கால்வாயருகேயுள்ள பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்னும் மூன்று தீவுகள் பற்றி மீண்டும் வழக்கு மூண்டது. 1977-ல் மத்தியஸ்த மன்றம் அவற்றைச் சிலிக்கு உரியவாக்கியது. அர்ஜென்டீனா 1978 ஜனவரியில் அதனை மறுத்தது. டிசம்பரில் அதன் படைகள் போருக்கு எழுந்தன.

அந்நிலையில் போப் இரண்டாம் ஜான் பால், கார்டினல் அந்தோனியோ ஸமோரே என்னும் முதியவரைத் தூதாக விடுத்தார். அவர் செய்தது யாது? தீவுகளின் உரிமையை ஆராயுமுன்னர், படைவலியை நாடுவதில்லை, படைகளைப் படிப்படியாக மீட்பது என்னும் வாக்குறுதியை 1979 ஜனவரி 8-ல் மான்டிவிடியோ நகரில் இருபாலாரிடமும் பெற்றார். அதன் பின்னரே உரிமை பற்றிய பேச்சுத் தொடங்கிற்று. அது ஆறாண்டுக் காலம் அளவும் நீண்டது. ஸமோரே அதன் பயனைக் காணாமலே 1983-ல் மறைந்தார். மறு ஆண்டு நவம்பரில் அர்ஜென்டீன மக்களின் கருத்துக் கேட்கப்பட்டபோது, வாக்களித்தாருள் 100-க்கு 80 பேருக்கு மேல் இணங்கினர். 29-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

வியப்பென்னெனின், அம்மூன்று தீவுகளும் முன்போலவே சிலிக்கே உரியவாயின! முன்னர் மறுத்தவர் பின்னர் இசைந்தது எதனால்? சிலி அட்லாண்டிக் கடலில் பரந்து புகுமென்பதே அர்ஜென்டீனாவின் பேரச்சம். புதிய உடன்படிக்கை கடலெல்லையை வரையறுத்து அவ்வச்சத்தைப் போக்கிற்று. பிற்காலத்து எழும் பிணக்கைத் தீர்க்கும் வழியையும் வகுத்து வைத்தது. தீர்ப்பு உரிமையைக் கூறிற்று. சமாதானமோ அச்சத்தையும் ஆராய்ந்தது.

நம் சங்கத்துப் பெரியோர்களே! வழக்கென்று இருவர் நும்பால் வருங்கால், கை ஓங்குவதில்லை என்னும் வாக்கினை முதற்கண் பெறுமின். ஒவ்வொருவரும் அஞ்சுவது யாதெனக் கேண்மின். வரப்பினை அதன் பின்னர் அளமின். சில திங்கள் கழியினும் கழிக. ஒரு குடும்பம் பிழைக்குமன்றோ?