புறக்காழும் தூண்டிற்கோலும்

மன்னர்தம் வாளுக்கும் முடிக்கும் கல்வெட்டுண்டு. மக்கள் கையாண்ட ஏருக்கும் தறிக்கும் தூண்டிலுக்கும் அஃதில்லை. ஆயினும் ஒரு கருவி எப்பொருளால் ஆயது, அப்பொருள் எந்நாட்டினின்று வந்தது, அதனைத் தெரிந்தெடுத்தவன் எதனை நோக்கித் தெரிந்தான் என்னும் மூன்று வினாக்களையும் பற்றிச் செல்வார்க்குச் சிறு கருவியும் பெருவரலாறு கூறும். மேனாட்டார் இன்றும் விலைமதிப்புடையதெனப் போற்றும் மூங்கில் தூண்டிற்கோல் அத்தகைய ஒன்றாம். அதன் வரலாறு வங்கத்திலும் தென்சீனத்திலும் வேரூன்றி, இலங்கையின் மலைநாட்டையும் தொட்டுச் செல்வது. அக்கோலைத் தெரிந்தெடுக்கும் கலைக்கு அடிப்படையான உண்மையோ தொல்காப்பியத்திற் கூறப்பட்டிருக்கின்றது.

பண்டைத் தமிழகத்துத் தூண்டில்

தமிழில் மூங்கிலுக்குக் கழை, வேய், வெதிர், அமை எனப் பெயர் பல. தூண்டிற்கோலுக்கு மூங்கிலையே தமிழர் கொண்டனர் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்றாகும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாண்மகன் ஒருவன் மீன்பிடிக்கும் காட்சியை அந்நூலில் அமைத்துள்ளார். அவன் இரைக்குரிய ஊனைத் தோற்பையிற் கொண்டவன். நெடிய மூங்கிற்கோலில் நாணைப் பொருத்தி, வளைந்த வாயையுடைய இரும்பு முள்ளை இரையால் மூடி நீரில் இடுகின்றான். வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளினின்றும் தப்பி விடுகின்றது. தப்பிய பின்னரும், நீரருகே நிற்கும் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டு அது வெருவுகின்றது.

இக்காட்சியினின்று வரலாற்று மாணவன் கொள்ளத்தக்கவை சில உள. கோல் மூங்கில், அது நெடியது, நாண் கோலிற் பிணிக்கப்பட்டது, முள் இரும்பாலாயது. நூலைச் சுற்றும் உருளை அக்காலத்தில் இல்லை. மீனோ கோலின் நிழலுக்கும் அஞ்சும் கூர்மையுடையது. கோல் மெல்லிதாகவும் நெடிதாகவும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வச்சமே காரணம்.

இனி, தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணையை இரண்டாகப் பகுத்தார். வயிரம் புறத்தேயுடையன புல் என்றும், அகத்தேயுடையன மரம் என்றும் வகுத்தார். புறக்காழ், அகக்காழ் என்பன அவர் ஆண்ட சொற்கள். பனை, தெங்கு, கமுகு, மூங்கில் ஆகியன புறக்காழுடையன. மூங்கிலைப் புல்லினக் குடும்பத்துள் இக்காலத் தாவரநூலாரும் வைக்கின்றனர். மூங்கிலின் தோலையடுத்து நார்கள் நெருங்கிக் கிடக்கின்றன. உள்நோக்கிச் செல்லுந்தோறும் அவை அருகி, மெல்லிய சோறு மிகுகின்றது. யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வுண்மை புதியதன்று. வீட்டுக் கூரைக்குப் பனை தறிப்பவன் நடுவிலுள்ள சோற்றியை நீக்கி வைரம் பாய்ந்த புறப்பகுதியையே வளைக்கும் சலாகைக்கும் கொள்கிறான். தேக்கிற்கோ இது மறுதலை. அதன் வன்மை உள்ளே உள்ளது.

குடாநாட்டின் நிலை

இத்துணையும் அறிந்திருந்தும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் நுண்ணிய தூண்டிற்கோல் தோன்றவில்லை. அதற்கு நிலவியலே காரணம். சுண்ணக்கல் நிலமாகிய இங்கு மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் வழுக்கியாறு ஒன்றன்றி ஆறு வேறில்லை. ஓடும் தெண்ணீரில் தனிமீனை நாடும் தொழிலுக்கு இங்கு இடமில்லை. ஆழங்குறைந்த பரவைக்கடலில் தடி நட்டு வலை வளைக்கும் களங்கண்ணியும், வீச்சுவலையும், ஆழ்கடலில் கைத்தூண்டிலுமே இந்நாட்டார்க்குப் பயன் தந்தன. பாலத்திலும் துறையிலும் நின்று தூண்டிலிடுவோர்க்கு எளிய கம்பும் தங்கூசி நூலும் போதும். காடாக வளரும் பெருமூங்கிலும் இவ்வறண்ட நிலத்துக்கு உரியதன்று. தேவையும் பொருளும் ஒருங்கே இல்லாதவிடத்துக் கலை வளர்வதில்லை.

போலி ஈயும் வளையுங் கோலும்

மேனாட்டு மலையாறுகளில் நிலைமை வேறு. ஆங்குள்ள டிரவுட் என்னும் மீன் நீர்மேல் மிதந்து வரும் ஈக்களையும் பூச்சிகளையும் உண்பது. அதனைப் பிடிக்க, சிறு முள்ளில் இறகும் மயிரும் நூலும் கட்டிப் போலி ஈ செய்தனர். கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்பார், மக்கெதோனியரின் ஆறொன்றில் செங்கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய முள்ளினால் மீன் பிடித்தமையைக் குறித்துள்ளார். அவர் கூறும் கோலின் நீளம் ஆறடி. நாணின் நீளமும் ஆறடியே.

போலி ஈக்குக் கனமில்லை. ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை அதன் கனமே தூரத்துக்கு இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ நூலின் கனத்தையே வீசல் வேண்டும். கோல் பின்னே வளைந்து, அவ்வளைவிற் சேர்ந்த விசையை முன்னே விடுத்து, நூலைச் சுருளாக விரித்து, ஈயை நீர்மேல் இறகுபோல் இறக்க வேண்டும். ஆகவே கோல் கனம் குறைந்ததாகவும், வளைந்தும் முறியாததாகவும், வளைந்தபின் விரைந்து நிமிர்வதாகவும் இருத்தல் இன்றியமையாதது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பியர் இக்கரி, ஆஷ் ஆகிய மரங்களாலும், மேற்கிந்தியத் தீவுகளினின்றும் தென்னமெரிக்காவினின்றும் வந்த வன்மரங்களாலும் கோல் செய்தனர். அவை வலியன; ஆயின் கனத்தன.

கல்கத்தாக் கழை

கிழக்கிந்திய வாணிகத்தால் வங்கத்து மூங்கில் மேல்நாட்டுத் துறைகளை அடைந்தபோது கோல் செய்வோர்க்குப் புதுப்பொருள் கிடைத்தது. முதலிற் கோலின் நுனிப்பகுதியை மட்டும் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தனர். 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இத்தகைய ஒட்டுக்கோல்கள் வைக்கப்பட்டன. அமெரிக்காவில் பென்சில்வேனியா நாட்டு ஈஸ்டன் நகரில் துப்பாக்கித் தொழில் செய்த சாமுவேல் பிலிப்பி 1840களில் இம்முறையை வளர்த்தார். 1870களில் மேன் நாட்டுப் பங்கோர் நகரில் ஹைரம் லெனாட் ஆறு கீற்றுக்களை இணைத்து அறுகோணமாகச் செய்யும் கோலைத் தொழிற்சாலை முறையிற் பெருக்கினார். இங்கிலாந்தில் அனிக் நகரத்து ஹாடி சகோதரர் நிலையம் 1872 இல் தோன்றிப் பின்னர் இத்துறையிற் புகழெய்தியது.

மூங்கிலைக் கீற்றுக்களாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோண வடிவிற் சீவி, தோற்புறம் வெளியே அமையுமாறு ஆறினையும் ஒட்டினால் உட்குழிவில்லாத கோல் அமைகின்றது. சீவும்போது தோற்புறத்திற் கத்தி படுவதில்லை. உட்பக்கம் இரண்டையுமே சீவுவர். சோற்றுப்பகுதி கழிந்து போக, நார் செறிந்த பகுதியே எஞ்சுகின்றது. தொல்காப்பியர் புல்லுக்கு இலக்கணமாகக் கண்ட புறக்காழைக் காத்து ஏனையதை நீக்குவதே இக்கலையின் முழுப்பொருளும் என்னலாம்.

சீனக் கழை

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாக் கழையின் இடத்தைத் தென்சீனத்துக் கழையொன்று பற்றிக்கொண்டது. வணிகர் அதனைத் தொங்கின் கழை என்றனர். தொங்கின் என்பது வடவியட்நாமின் பழம்பெயர். கழையோ அங்கு விளைந்ததன்று. அது சீனாவின் குவாங்துங் மாகாணத்து ஆற்றோர மலைச்சாரல்களில் விளைவது. கன்ரன் நகரத்து லிங்நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த புளோயிட் மக்ளூர் என்னும் அமெரிக்கத் தாவரநூலார் 1931 இல் அதற்கு இலத்தீன் பெயரிட்டார். அப்பெயரின் அடைமொழிக்கு அன்பிற்குரியது என்பது பொருள். அதனை வெட்டி, ஆற்று மணலால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்திக் கட்டியனுப்பிய சீனக் குடிகளின் பெயர் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறவில்லை. கல்கத்தாக் கழையும் கல்கத்தாவில் விளைந்ததன்று. கப்பலேறிய துறையின் பெயரே பொருளின் பெயராயிற்று. விளைத்தவனை மறந்து விற்றவனை நினைப்பது வாணிக வரலாற்றின் இயல்பு.

கோல் தெரியும் முறை

கழை தெரிவோன் முதலில் முதிர்ச்சியை நோக்குகிறான். மூங்கில் ஒரே பருவத்தில் முழு உயரமும் அடைந்துவிடும், அதன்பின் பருப்பதில்லை. ஆண்டு செல்லச் செல்ல வைரமே ஏறும். ஆதலின் மூன்றாண்டேனும் நின்ற கழையே கோலுக்குத் தகும். இரண்டாவதாகக் கணுக்களை நோக்குகிறான். கணு தாழ்ந்தும் ஒன்றற்கொன்று தூரமாகவும் இருத்தல் நன்று. கணுவில் நார் வளைந்து செல்வதால் வலிமை குறையும். மூன்றாவதாக, வெட்டுவாயை நோக்குகிறான். தோலோரத்தில் கரும்புள்ளிகள் போல் நார்முனைகள் நெருங்கி, உள்நோக்கி ஆழமாகச் சென்றிருத்தல் வேண்டும். வண்டு துளைத்ததும் தோலிற் காயம் பட்டதும் கழிக்கப்படும்.

தெரிந்த கழையை வாளால் அறுப்பதில்லை. நாரின் போக்கிற் பிளப்பர். ஆறு கீற்றின் கணுக்களும் ஓரிடத்தில் நேராதவாறு மாற்றி வைப்பர். சூட்டினாற் கோணல் நிமிர்த்தி ஈரம் போக்குவர். அடி பருத்து நுனி சிறுக்கும் அளவை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கிற் பேணுவர். கோல் எங்கே வளையும், எங்கே விறைக்கும் என்பது இவ்வளவினாலேயே அமையும்.

முடிந்த கோலை வாங்குவோனும் சில அறிதல் வேண்டும். கோலைக் கண்ணருகே பிடித்து நீளப்போக்கில் நோக்கி, சுழற்றிப் பார்த்துக் கோணல் காணலாம். ஒட்டு வரைகள் மயிரிழையாய் இடைவெளியின்றி இருத்தல் வேண்டும். துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண்கள் ஆடாமல் இறுகப் பொருந்த வேண்டும். ஆயினும் கடையில் நின்று வெறுங்கோலை ஆட்டிப் பார்ப்பதால் அதன் குணம் விளங்காது. தக்க கனமுள்ள நூலைப் பூட்டி, திறந்த வெளியில் வீசிப் பார்த்தாலன்றி அது தன் கைக்கு இசையுமா என்பது தெரியாது. மெருகும் பட்டுநூற் கட்டும் கண்ணைக் கவர்வன. கோலின் உயிரோ கழையிலும் அளவிலும் உள்ளது.

மலைநாட்டில்

ஆங்கிலத் தோட்டத்துரைமார் இவ்விளையாட்டை இலங்கைக்கும் கொணர்ந்தனர். 1880களில் டிரவுட் மீன் கடல்கடந்து நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விடப்பட்டது. 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்தது. வானவில் டிரவுட் என்னும் இனம் ஹோட்டன் சமவெளியின் குளிரோடைகளில் நிலைபெற்றது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையினின்றே அவ்வினம் நீலகிரிக்கும் சென்றது. கீழ்நாட்டு மூங்கில் மேல்நாட்டிற் கோலாகி, விலையுயர்ந்த பொருளாய்க் கீழ்நாட்டுக்கே மீண்டது. அவ்வோடைகளின் அருகே கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்க்கு அக்கோல் எட்டாப் பொருள். அக்கோலைப் பிடித்தவர்க்கு அதன் மூலப்பொருள் விளைந்த நிலமோ ஒரு துறைமுகப் பெயரளவே.

வீழ்ச்சியும் எச்சமும்

1950 இன் இறுதியில், கொரியப் போரில் சீனா புகுந்தமையால் அமெரிக்கா சீனப்பொருள்களைத் தடைசெய்தது. கழை வரவு நின்றது. இரண்டாம் உலகப்போரின் பின் தோன்றிய கண்ணாடிநார்க் கோல் அவ்விடத்தை நிரப்பியது. 1971 இல் தடை நீங்கிய பின்னரும், 1973 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கரிநார்க் கோல் கனத்தில் மூங்கிலை வென்றது. ஆயினும் கையால் மூங்கிற்கோல் செய்வோர் முற்றும் அற்றுப்போகவில்லை. எவரெட் கரிசன் என்னும் பொறியியலாளர் தம் வாழ்நாளெல்லாம் கண்ட முறைகள் 1977 இல் நூலாக வந்தபின், அதனைக் கற்றுத் தாமே கோல் செய்வோர் பல நாடுகளிலும் தோன்றினர். பட்டறைகள் மறைந்தன, எழுத்தில் வந்தமையால் கலை தப்பியது.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியத்திற் புறக்காழ் கூறப்பட்டதால் மூங்கிற்கோலைத் தமிழரே கண்டனர் என்பார் கூற்று வரலாறாகாது. நியதியை அறிதல் வேறு. தேவையும் கருவியும் பொருளும் கூடி அதனைத் தொழிலாக்குதல் வேறு. அங்ஙனமே, நுண்மை யாவும் மேற்கினின்று வந்தது, கிழக்கு கச்சாப்பொருள் தந்ததன்றிப் பிறிதில்லை என்பாரும் பிழைபடுவர். முற்றிய கழை எது, வெட்டும் ஆண்டு எது, தோல் கெடாமல் தேய்ப்பது எங்ஙனம் என்பவற்றை அறிந்த சீனக் குடியானவனின் அறிவு லெனாட்டின் பொறியினுங் குறைந்ததன்று. பனைமரத்தின் வைரத்தைக் கோடரியின் ஒலியால் அறியும் குடாநாட்டுத் தச்சனின் அறிவும் அவ்வகையினதே. அவ்வறிவு எழுதப்படாமையின், தச்சனொருவன் மறையுந்தோறும் அதிலொரு பகுதியும் மறைகின்றது. கரிசன் முறைகள் நூலானமை போல, இந்நாட்டுக் கைவினைஞர் அறிவும் அவர் வாழுங்காலத்தே கேட்டு எழுதப்படுதல் வேண்டும். கற்ற இளைஞர் செய்யத்தக்க வரலாற்றுப் பணி இதனினும் பயனுடையது பிறிதில்லை.