சிலிக்கேட்டும் கார்பனேட்டும் ஒரே படிகத்தில்: தௌமசைட்டின் ஆய்வு வரலாறு

கனிமவியல் நூல்கள் சிலிக்கேட்டுகளை ஒரு வகுப்பிலும் கார்பனேட்டுகளை இன்னொரு வகுப்பிலும் வைக்கின்றன. இரண்டும் ஒரே படிகத்துக்குள் குடியிருக்கும் கனிமங்கள் மிகச் சிலவே. யூரல் பகுதியின் இல்மென் மலைகளில் கிடைத்த கான்கிரினைட்டை 1839இல் குஸ்டாவ் ரோஸ் விவரித்தார். மெக்சிகோவின் வெலார்தேன்யாவில், பாறைக்குழம்பின் வெப்பம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு மாற்றியிருந்த விளிம்பில், ஸ்பர்ரைட்டை 1908இல் ஃபிரெட் ரைட் அடையாளம் கண்டார். சிமெண்ட் ஆலைகளின் சுழல் சூளைகளுக்குள் வளையமாகப் படிந்து தொல்லை தருவதும் பல நேரங்களில் இதே ஸ்பர்ரைட்தான். இந்தச் சிறு குடும்பத்தில் தௌமசைட்டின் வரலாறு தனித்தது. சிலிக்கேட், கார்பனேட், சல்பேட் மூன்றையும் ஒருங்கே கொண்ட அதை, வகுப்புப் பிரிவினையே கண்ணிலிருந்து இருமுறை மறைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுவீடனின் யெம்ட்லாந்து மாகாணத்தில் ஓரெஸ்கூதன் என்ற மலை இருக்கிறது. அங்குள்ள பியெல்கே சுரங்கத்தில் கிடைத்த வெண்ணிறப் பொருளை, அடால்ஃப் எரிக் நோர்டன்ஷோல்ட் 1878இல் புதிய கனிமமாக அறிவித்தார். வடகிழக்குக் கடல்வழியைத் தேடி வேகா கப்பலில் அவர் புறப்பட்டதும் அதே ஆண்டுதான். பகுப்பாய்வில் கால்சியம் சிலிக்கேட், கால்சியம் கார்பனேட், கால்சியம் சல்பேட் மூன்றும் சம அளவில் வந்தன. அவற்றோடு 15 நீர் மூலக்கூறுகள். இப்படியொரு சேர்க்கையை அன்றைய வேதியியலால் எளிதில் ஏற்க முடியவில்லை. பாரிசின் எமில் பெர்ட்ராண்ட், இது தனிக் கனிமமே அல்ல, கால்சைட்டும் ஜிப்சமும் வேறொரு சிலிக்கேட்டும் நுண்ணிதாகப் பின்னிக் கிடக்கும் கலவை என்றார்.

அன்றைய நுண்ணோக்கிகளை நினைத்தால் அந்த ஐயத்தைக் குறைசொல்ல இயலாது. ஆனாலும் மறுப்புக்கான சான்று எண்களிலேயே இருந்தது. தௌமசைட்டின் எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடு நீர். ஜிப்சத்தில் நீர் 21 விழுக்காடுதான்; கால்சைட்டில் அறவே இல்லை. ஒப்படர்த்தியைப் பார்த்தாலும் தௌமசைட் 1.88, ஜிப்சம் 2.3, கால்சைட் 2.7. கனமான பொருள்களைக் கலந்து இவ்வளவு இலேசான ஒன்றை எப்படிப் பெறுவது? 1896இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வெஸ்ட் பேட்டர்சன் கல்குவாரியில் கிடைத்த தூய மாதிரிகளை பென்ஃபீல்டும் பிராட்டும் ஆராய்ந்தனர். சுவீடன் மாதிரியின் அதே இயைபு அங்கும் வந்தது. வேறொரு கண்டத்தில், வேறொரு பாறையில், ஒரு கலவை அதே விகிதத்தில் தற்செயலாக அமைய வழியில்லை.

கனிமம் உண்மை என்று ஆனபின், அதன் உள்ளமைப்பு என்ன என்ற கேள்வி எஞ்சியது. அதற்கு எக்ஸ் கதிர்ப் படிகவியல் வர வேண்டியிருந்தது. 1971இல் எட்ஜ், டெய்லர் இருவரும் வெளியிட்ட அமைப்பு முந்தைய வாய்பாட்டையே திருத்தியது. 15 நீரில் மூன்று, நீராகவே இல்லை. அவை ஹைட்ராக்சில்களாகச் சிலிக்கனைச் சூழ்ந்திருந்தன. புவியோட்டின் சிலிக்கேட்டுகளில் பொதுவாகச் சிலிக்கனை நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாகச் சூழும். இங்கோ ஆறு ஹைட்ராக்சில்கள் எண்முகியாகச் சூழ்கின்றன. சிலிக்கா அத்தகைய ஆறணைவு அமைப்புக்கு மாறிய ஸ்டிஷோவைட்டை 1961இல் ஆய்வகத்தில் உருவாக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. தௌமசைட்டோ குளிர்ந்த ஈரமண்ணில் அதைச் சாதித்துவிடுகிறது. எண்முகிகளும் கால்சியமும் சேர்ந்து தூண்களாக நிற்க, தூண்களுக்கிடையே கார்பனேட்டும் சல்பேட்டும் அமர்கின்றன.

இந்தத் தூணமைப்பு எட்ரிங்கைட் என்ற சல்பேட் கனிமத்தின் அமைப்பை மிக நெருக்கமாக ஒத்தது. சிலிக்கனின் இடத்தில் அங்கே அலுமினியம். இரண்டாவது மறைப்பு இங்கே தொடங்குகிறது. சல்பேட் தாக்கிய கான்கிரீட்டில் ஊசி ஊசியான படிகங்களைக் கண்டால் அவை எட்ரிங்கைட் என்று கொள்வதே வழக்கமாக இருந்தது. 1965இல் எர்லினும் ஸ்டார்க்கும் அமெரிக்கக் கான்கிரீட்டுகளில் தௌமசைட்டை இனங்கண்டு எழுதியும், பொறியாளர்களின் பொதுக் கவனம் அதன்பக்கம் திரும்பவில்லை.

இரண்டும் செய்யும் கேடு ஒன்றல்ல. எட்ரிங்கைட் சிமெண்டின் அலுமினேட்டை எடுத்துக்கொண்டு உப்பி, கான்கிரீட்டை விரிசலிட வைக்கும். அதனால் அலுமினேட் குறைந்த சல்பேட் தாங்கு சிமெண்ட் அதற்கு மருந்தாயிற்று. தௌமசைட் கை வைப்பதோ கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டின் மீது, அதாவது கான்கிரீட்டைப் பிணைத்து நிறுத்தும் பொருளின் மீதே. வேண்டிய கார்பனேட்டைச் சுண்ணாம்புக்கல் ஜல்லியோ நிலத்தடி நீரோ தருகிறது. அலுமினேட்டைக் குறைத்த சிமெண்ட் இதை நிறுத்தாது. வெப்பநிலை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது வினை வலுக்கிறது.

1998இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், எம்5 நெடுஞ்சாலைப் பாலங்களின் அடித்தூண்களைத் தோண்டிப் பார்த்தபோது, சுமார் 30 ஆண்டு வயதுடைய கான்கிரீட்டின் மேற்பரப்பு வெண்கூழாகியிருந்தது. அங்குள்ள லயாஸ் களிமண்ணில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு உண்டு. அடித்தளம் தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி நிரப்பியிருந்ததால், காற்றுப்பட்ட பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட்டாக மாறியது. ஈரமும் குளிரும் இருந்தன. ஜல்லியில் கார்பனேட்டும் இருந்தது. அரசு அமைத்த தௌமசைட் வல்லுநர் குழு 1999 ஜனவரியில் அறிக்கை அளித்தது. 2001இல் கட்டட ஆய்வு நிறுவனத்தின் புதிய வழிகாட்டி வெளிவந்தது. கட்டியவர்கள் விதிகளை மீறவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சல்பேட்டை மட்டுமே எண்ணி எழுதப்பட்டிருந்த விதிகளில் கார்பனேட்டுக்கு இடமில்லை.

கார்பனேட்டைக் கணக்கில் எடுப்பது பற்றிய இந்தக் கேள்வி இந்தியாவுக்கும் நேரடியாக உரியது. சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்ட் மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண் 30 விழுக்காடும் சுண்ணாம்புக்கல் 15 விழுக்காடும் சேர்க்கும் எல்சி3 சிமெண்டைச் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் ஆராய்ந்துள்ளன. 2023இல் அதற்கு இந்தியத் தரநிலையும் வந்தது. கரியமில வாயுவைக் குறைக்க அது தேவையான சிமெண்ட். நுண்துளைகள் நுணுகிய அதன் உடலுக்குள் சல்பேட் எளிதில் நுழையாது என்பதும் அதற்குச் சாதகம். அதிலுள்ள சுண்ணாம்புக்கல் தௌமசைட்டுக்கு வேண்டிய கார்பனேட்டைத் தரக்கூடும் என்றாலும், சென்னையின் வெப்பத்தில் தௌமசைட்டுக்கு வாய்ப்புக் குறைவு. இமயமலைச் சுரங்கப்பாதைகளில் நிலை வேறு. ஈரம், குளிர், பைரைட் கலந்த பாறை மூன்றும் கூடும் இடங்களில், சல்பேட் சோதனையை 5 பாகை அளவிலும் பல ஆண்டுகளுக்கு நடத்திப் பார்த்த பிறகே இத்தகைய சிமெண்டின் கலவை விகிதத்தை முடிவுசெய்ய வேண்டும்.