ஆளுநரின் பதவிநீக்கம்: 1949இல் கைவிடப்பட்ட ஒரு விதியும் அதன் விளைவுகளும்

இந்திய அரசமைப்பின் 156ஆவது உறுப்பின்படி, குடியரசுத் தலைவர் விழையுமளவும் ஆளுநர் பதவி வகிப்பார். தாமே எழுதிக் கொடுத்து விலகலாம். இவ்விரண்டிற்கும் உட்பட்டு அவரது பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். குடியரசுத் தலைவரை நீக்குவதற்கு 61ஆவது உறுப்பு விரிவான நடைமுறையை வகுத்துள்ளது. ஆளுநரை நீக்குவதற்கோ காரணம், விசாரணை, வாக்கெடுப்பு ஆகிய எதுவும் வகுக்கப்படவில்லை. இம்மௌனம் தற்செயலானதன்று.

1947இல் வல்லபபாய் படேல் தலைமையிலான மாகாண அரசமைப்புக் குழு, ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டு வரைவின் 137ஆவது உறுப்பு, அரசமைப்பை மீறிய ஆளுநர்மீது மாநிலச் சட்டப்பேரவை குற்றஞ்சாட்டவும் மாநிலங்களவை அதனை விசாரிக்கவும் வழிசெய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் முதலமைச்சரும் மோதிக்கொள்வர் என்ற அச்சம் வலுப்பெறவே, 1949 மே இறுதியில் அரசியல் நிர்ணய சபை நியமன முறைக்கு மாறியது. தேர்தலோடு 137ஆவது உறுப்பும் கைவிடப்பட்டது. தம் பதவிக்காலத்தில் ஆளுநர் நீக்கப்படலாகாது என்று கே. டி. ஷா வாதிட்டார். பொதுவான நீக்க அதிகாரத்தினுள் ஊழல், கையூட்டு, அரசமைப்பு மீறல் ஆகியன அடங்கும். அவற்றைத் தனித்தனியே எண்ணிக் கூற வேண்டியதில்லை என்பது அம்பேத்கரின் மறுமொழி.

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படுபவர் ஆதலின், அவரது விழைவு நடைமுறையில் ஒன்றிய அமைச்சரவையின் விழைவே. அது செயற்படும் மூன்று வடிவங்களைத் தமிழ்நாட்டு வரலாறு காட்டுகிறது. ஜனதா ஆட்சியில் நியமிக்கப்பட்ட பிரபுதாஸ் பட்வாரி, இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான 1980ஆம் ஆண்டின் அக்டோபரில் நீக்கப்பட்டார். 1991 சனவரியில் கருணாநிதி அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்த சுர்ஜித் சிங் பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டு, பதவி விலகினார். 2001இல் கருணாநிதி கைதானதையொட்டி, பாத்திமா பீவியைத் திரும்ப அழைக்கப் பரிந்துரைக்க ஒன்றிய அமைச்சரவை முடிவுசெய்தது. அவரும் பதவி விலகினார். காரணங்கள் வேறு, முடிவெடுத்த இடம் ஒன்றே. மூன்றிலும் மாநிலச் சட்டப்பேரவைக்கு அரசமைப்பு வழிப்பட்ட பங்கு எதுவும் இல்லை.

நீதிமன்றம் இதற்கு ஓரளவே வரம்பிட்டது. ஆளுநர் இந்திய அரசின் பணியாளர் அல்லர்; அவரது பதவி தற்சார்புடைய அரசமைப்புப் பதவி என்று 1979இல் ரகுகுல் திலக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ரகுகுல் திலக் 1981இல் ராஜஸ்தான் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, அந்தத் தற்சார்பு அவரைக் காக்கவில்லை. 2004இல் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆளுநர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்துப் பி. பி. சிங்கால் தொடுத்த வழக்கில், ஐவர் அமர்வு 2010 மே 7 அன்று தீர்ப்பளித்தது. காரணம் தெரிவிக்கவோ விளக்கம் கேட்கவோ வேண்டியதில்லை. ஆயினும் தக்க காரணம் இருந்தாக வேண்டும். ஒன்றிய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகாமை அத்தகைய காரணம் ஆகாது என்பது அதன் சாரம். எனினும், நீக்கம் தன்னிச்சையானது என முதல்நோக்கில் காட்ட வேண்டிய பொறுப்பு நீக்கப்பட்டவர்மீதே விழுகிறது. காரணமே தெரிவிக்கப்படாதவர் அதன் தகாமையை மெய்ப்பிப்பது அரிது.

நியமன முறையை ஏற்றால் மாநிலத்தின் குரலை இழந்தே தீர வேண்டுமா? மலேசியா வேறு விடை தருகிறது. பினாங்கு, மலாக்கா முதலிய மாநிலங்களின் ஆளுநரைப் பேரரசரே நியமிக்கிறார். ஆயின் மாநிலச் சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்கும் வேண்டுகோளின்பேரில் அவரை நீக்கப் பேரரசருக்கு அதிகாரமுண்டு. நியமனமும் மாநிலத்தின் பொறுப்புக் கேட்கும் உரிமையும் ஒருங்கே நிற்கக்கூடியவை என்பதற்கு இது சான்று.

நிலையான பதவிக்காலத்தைச் சர்க்காரியா ஆணையம் 1988இல் வலியுறுத்தியது. குடியரசுத் தலைவருக்குரியதை ஒத்த நீக்கமுறையைப் புஞ்சி ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. பிந்தைய பரிந்துரை, 1949இல் சபை விட்டுச்சென்ற இடத்திற்கே மீள்வதாகும். ஆளுநர் தில்லிக்கு அஞ்சாமலும் மாநிலத்திற்குப் பதில் சொல்பவராகவும் இருக்க வேண்டுமெனின், கைவிடப்பட்ட 137ஆவது உறுப்பு மீண்டும் ஆராயப்பட வேண்டும்.