ஒரு ரூபாய் ரிக்கெட்டும் ஒரு கப்டனும்

எங்கட வயசுக்காரர் பலருக்கு விமானம் எண்டால் முதல் ஞாபகம் கிபிர்தான். சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள இறங்கவேணும். ஏறிப் போறதுக்கும் விமானம் எண்டது பிறகு படிச்ச பாடம். அதனாலோ என்னவோ, 2020 இல் ‘சூரரைப் போற்று’ வந்தபோது கிளிநொச்சியில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுத்தியிருந்து பார்த்து, முடிஞ்ச பிறகும் நெடுநேரம் கதைச்சுக்கொண்டிருந்தோம். படம் சோழவந்தான் வாத்தியார் மகனின் கதை. உண்மையில் அந்த மனிசன் கர்நாடகத்து ஹாசன் மாவட்டத்தின் கொரூர்க்காரர், கப்டன் கோ. ரா. கோபிநாத். அப்பா வாத்தியார் எண்டது மட்டும் சரி. படத்தில் விமானப்படை, நிஜத்தில் தரைப்படை.

1971 போரில் இருந்தவர், இருபதுகளின் கடைசியில் இராணுவத்தை விட்டுப்போட்டு ஊருக்கு வந்தார். குடும்பக் காணி ஹேமாவதி அணைக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக அரசு கொடுத்தது ஜாவகல் பக்கத்தில் ஒரு வறண்ட நிலம். அங்கே கூடாரம் அடித்துத் தங்கித் தோட்டம் தொடங்கினார். இந்த இடத்தில் எனக்கு விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டக் கிளம்பிய எங்கட பெரியவர்கள்தான் நினைவுக்கு வருவினம். மாடு, பட்டுப்புழு, ஹோட்டல், மோட்டார்சைக்கிள் விற்பனை எண்டு எல்லாவற்றிலும் கைவைத்தார். இரசாயனம் குறைத்துப் பட்டு வளர்த்ததற்காக 1996 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. படம் இந்தப் பகுதியைப் பெரிசாய்க் கண்டுகொள்ளேல்லை. எனக்கு இதுதான் முக்கியம்: விமானத்துக்கு வந்தவர் ஒரு கமக்காரன்.

1997 இல் இராணுவ நண்பர் கப்டன் சாமுவேலோடு சேர்ந்து வாடகை ஹெலிகொப்டர் கொம்பனி தொடங்கினார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான். 48 இருக்கை ஏ.டி.ஆர். விமானங்கள், பெரிய கொம்பனிகள் எட்டியும் பாராத சிறு நகரங்கள். ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்குப் போகவிருந்த தொடக்கப் பறப்பிலேயே, அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரரும் உள்ளே இருக்க, எஞ்சின் தீப்பிடித்தது. வேற ஆளெண்டால் அண்டைக்கே கடையைப் பூட்டியிருப்பார்.

மலிவு எப்படிச் சாத்தியம்? சாப்பாடு இலவசமில்லை, தண்ணிக்கும் காசு. ரிக்கெட் இணையத்தில், இணையம் இல்லாதவனுக்குப் பெற்றோல் செட்டில். தரையில் நிக்கிற விமானம் உழைக்காது எண்டதால் இறங்கின கையோடு திருப்பி ஏத்தினார்கள். முந்திப் பதியிறவனுக்கு ஒரு ரூபாய்க்கும் இருக்கை இருந்தது, வரி தனி. கொம்பனியின் முகமாக ஆர். கே. லக்ஷ்மணின் ‘சாமானியன்’ கார்ட்டூனை வைத்தது வெறும் விளம்பரமில்லை. கோபிநாத் உண்மையாகவே குறிவைத்த ஆள் அவன்தான்.

பிறகு நடந்ததைப் படம் சொல்லாது. சில வருசத்துக்குள் 60க்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தாலும் நட்டமும் கூடவே பறந்தது. 2007 இல் விஜய் மல்லையா தரப்பு 550 கோடி ரூபாய்க்கு 26 வீதப் பங்கை வாங்கியது. மல்லையாவுக்குத் தேவைப்பட்டது சாமானியனில்லை. அப்போதைய இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுக்குப் பறக்க உள்நாட்டில் ஐந்து வருச அனுபவமும் 20 விமானமும் வேணும். கிங்ஃபிஷர் 2005 இல் தொடங்கியது; டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வருசம் நிறைந்தது. அடுத்த மாதமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. டெக்கான் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆகி, 2011 இல் அதையும் மூடப்போவதாக மல்லையா அறிவித்தார். அடுத்த வருசம் கிங்ஃபிஷரே நின்றுபோனது.

கோபிநாத் சரக்கு விமானம் விட்டார், அதுவும் நிலைக்கவில்லை. 2009 தேர்தலில் பெங்களூர் தெற்கில் சுயேச்சையாக நின்று தோற்றார். 2017 கடைசியில் திரும்பக் கொண்டுவந்த ஏர் டெக்கானைக் கொரோனா 2020 இல் நிறுத்தியது. லண்டனில் ஃப்ரெடி லேக்கருக்கும் இதே கதிதான்: 1977 இல் நியூயோர்க்குக்கு மலிவு ‘ஸ்கைட்ரெயின்’ விட்டார், 1982 இல் கொம்பனி விழுந்தது. கதவைத் திறந்தவன் வெளியில் நிக்க, பின்னால் வந்தவன் உள்ளே போய் இருந்துவிடுகிறான். ஏர் டெக்கானுக்கு மூன்று வருசம் பிந்தி 2006 இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோதான் இண்டைக்கு இந்தியாவின் பெரிய கொம்பனி.

அந்த இண்டிகோ 2024 செப்டம்பர் 1 முதல் சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறது. 2019 இல் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பிய அலையன்ஸ் ஏருக்குப் பிறகு வந்தது. இரண்டும் கொண்டுவந்தது ஏ.டி.ஆர். விமானம்தான், கோபிநாத் ஓட்டினதைவிடக் கொஞ்சம் நீளம். வன்னியில் வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதை இருக்கு, இரண்டும் விமானப்படையிடம். எங்களுக்குப் பலாலிதான் கிட்ட. கட்டுநாயக்காவுக்கு முந்தின இரவே பஸ் ஏறவேணும். பலாலிக்கு விடியப் புறப்பட்டால் போதும்.

போன மாதம் அம்மம்மாவுக்குச் சென்னைக்கு ரிக்கெட் போட விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவ கேட்டது விலையை இல்லை. “உது பெரிய சத்தம் போடுமோ பிள்ளை?”