களமும் இல்லமும்: வாலாஜாபேட்டை – ஆம்பூர் தோல்தொழிற்பகுதியை முன்வைத்துக் கால்பந்துப் பார்வையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்து ஆட்டத்தைக் களத்திற்குச் சென்று காண்பதும் இல்லத்தில் இருந்தவாறு திரையில் காண்பதும் தனிமனித விருப்பத்தின்பாற்பட்டவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளும் தோல்தொழிற்பகுதியை முன்வைத்து நோக்கும்போது, இத்தேர்வைத் தொலைவும் வேலைநேரமும் பாலினமும் முடிவு செய்வது புலனாகிறது. புறநானூற்று மற்போர்ப் பாடல்கள் காட்டும் பார்வையாளர் நிலைகளைத் தொடக்கமாகக் கொண்டு, இரயில், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை கால்பந்துப் பார்வையில் விளைவித்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து, பார்வையாளர், தொலைக்காட்சி, வாலாஜாபேட்டை, ஆம்பூர், தோல்தொழில், புறநானூறு

முன்னுரை

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் ஆடியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வென்ற அணி, கோல் அடித்தவர், பெற்ற கோப்பை ஆகியவை ஆவணங்களில் இடம்பெறுகின்றன. ஆட்டத்தைக் கண்டவர் யார், எங்கிருந்து கண்டார், காண விரும்பியும் செல்ல இயலாமற்போனவர் யார் என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பெருநகர மைதானங்களுக்கு அப்பால் வாழும் மக்களைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மையானவை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் ஊர்களின் கிழக்கு வாயிலாக வாலாஜாபேட்டை அமைந்துள்ளது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இப்பகுதியிலிருந்து கால்பந்துப் பார்வையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புறநானூறு காட்டும் மூன்று நிலைகள்

போட்டியைக் காண்பதில் உள்ள இடவேறுபாடு தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்ற நிகழ்வைப் புறநானூறு போற்றுகிறது. இவ்வாமூர் இன்றைய ஆம்பூர் அன்று. சாத்தந்தையாரும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் இவனைப் பாடிய பாடல்களுள் பார்வை தொடர்பான மூன்று நிலைகள் கவனத்திற்குரியன.

முதலாவது, களத்தில் இல்லாதவரின் நிலை. 80ஆம் பாடலில் மற்போரை நேரிற் காணும் புலவர், அங்கில்லாத தந்தை தித்தன் இவ்வெற்றியைக் காண வேண்டும் என விழைகிறார். இரண்டாவது, இல்லத்தருகே நிற்பவரின் நிலை. 85ஆம் பாடலில் வெற்றி அவனுக்கே என ஒருசாராரும் அன்று என மறுசாராரும் கூற, நக்கண்ணையார் தம் வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைத் தாமே காண்கிறார். மூன்றாவது, 82ஆம் பாடலில் உவமையாக வரும் தொழிலாளியின் நிலை. ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவிக்கோ பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் வாரால் கட்டில் பிணிப்பவனின் ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ அவ்வளவு விரைவாக மற்போர் நடந்தது என்கிறார் சாத்தந்தையார்.

உவமையின் நோக்கம் போரின் விரைவைப் புலப்படுத்துவதே. ஆயினும் விழா ஒருபுறமும் முடிக்க வேண்டிய வேலை மறுபுறமுமாக நிற்கும் தொழிலாளியின் நெருக்கடியை அது தன்னுள் கொண்டுள்ளது. களத்தில் இல்லாதவர், இல்லத்தில் நின்று காணும் பெண், வேலை முடியாத தொழிலாளி என்னும் இம்மூவரும் தற்காலக் கால்பந்துப் பார்வையின் வரலாற்றிலும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றனர்.

2. களத்தை அணுகச் செய்த இரயில்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இயங்கியது. வாலாஜாபேட்டை 1866இல் நகராட்சியாயிற்று. சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலுள்ள இவ்வூர், தென்னிந்தியாவில் முதன்முதலாக இரயில் வழியே மாநகரோடு இணைக்கப்பட்டது எனலாம். பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திற்குச் சென்ற இருப்புப்பாதையே மக்கள் மாநகருக்குச் செல்லும் வழியாகவும் அமைந்தது.

இரயில் பார்வையாளர் கூட்டத்தை உருவாக்கும் ஆற்றலுடையது என்பதற்குக் கல்கத்தா சிறந்த சான்றாகும். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2–1 என வென்றது. வெளியூர் மக்கள் சிறப்பு இரயிலிலும் நீராவிப் படகுகளிலும் வந்து குவிந்தனர். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டதாகக் கூறப்படும் அக்கூட்டத்தில் பின்வரிசையினர் பலருக்கு ஆட்டம் புலப்படவில்லை. கோல் விழுந்தபோது எண்ணிக்கையைக் குறித்த பட்டங்களை வானில் பறக்கவிட்டுச் செய்தி தெரிவிக்கப்பட்டது. களத்திற்குச் செல்வது ஆட்டத்தைத் தெளிவாகக் காண்பதற்காக மட்டுமன்று. அந்நிகழ்வில் தாமும் இருந்தோம் என்பதற்காகவுமே என்பதை இப்பட்டங்கள் உணர்த்துகின்றன.

களத்திற்குச் செல்வதில் ஆபத்தும் இருந்தது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் ஆடியபோது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பார்வையாளர்கள் உயிரிழந்தனர். களத்தைப் போற்றும் வரலாறு இதனையும் உடன் கூற வேண்டும். இல்லத்தில் காண்பதை வெறும் சோம்பலாகக் கருத இயலாது.

3. இல்லம் நோக்கி வந்த ஆட்டம்

1927 ஜனவரி 22 அன்று ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகளின் ஆட்டத்தைப் பி.பி.சி. வானொலி நேர்முக வருணனையாக ஒலிபரப்பியது. கேட்போர் பந்தின் இருப்பிடத்தை அறியும்பொருட்டு ஆடுகளத்தைக் கட்டங்களாகப் பகுத்த வரைபடம் இதழில் முன்னதாகவே அச்சிடப்பட்டது. ஆட்டத்தைக் காதால் காணும் முறை இவ்வாறு தோன்றியது. 1937இல் ஆர்சனல் வீரர்களின் பயிற்சியாட்டம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது.

திரையின் பெருக்கம் மைதானத்தைப் பாதிக்கும் என்னும் அச்சமும் உடன் எழுந்தது. 1960களில் பர்ன்லி கழகத் தலைவர் பாப் லார்டு, நேரடி ஒளிபரப்பு கீழ்நிலைக் கழகங்களின் பார்வையாளர்களைக் கவர்ந்துவிடும் என வாதிட்டார். சனிக்கிழமை பிற்பகலில் கால்பந்தை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது என்னும் நடைமுறை இங்கிலாந்தில் அக்காலத்தில் உருவாயிற்று. பெருங்கழகங்களைக் காட்டிலும் சிற்றூர் மைதானங்களே திரையால் வெறுமையாகும் என்பதே இத்தடையின் அடிப்படை. இக்கருத்து நம் ஆய்வுப்பகுதிக்கும் பொருந்துவதாகும்.

தொலைக்காட்சி, ஆட்டப்பொருளையும் மாற்றியது. 1970 உலகக் கோப்பைக்கென அடிடாஸ் நிறுவனம் வழங்கிய டெல்ஸ்டார் பந்து 12 கறுப்பு ஐங்கோணத் துண்டுகளும் 20 வெள்ளை அறுகோணத் துண்டுகளும் இணைந்த தோற்பந்து. கறுப்பு வெள்ளைத் திரையில் தெளிவாகத் தெரிவதற்காகவே இவ்வண்ணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப்பின் 1986இல் பயன்பட்ட அஸ்டெகா, உலகக் கோப்பையின் முழுமையான முதல் செயற்கையிழைப் பந்தாயிற்று. தோல், பந்தை விட்டு நீங்கியது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984இல் ஒளிபரப்பு நிலையங்கள் நாடெங்கும் விரைந்து நிறுவப்பட்டன. 1986 மெக்சிகோ உலகக் கோப்பை இந்திய இல்லங்களுக்கு நேரடியாக வந்தது. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு ஏற்ற வகையில் ஆட்டங்கள் மெக்சிகோவின் நண்பகல் வெயிலில் நடத்தப்பட்டன. நண்பகல் ஆட்டம் இந்தியாவில் இரவு 11.30 மணிக்குத் தொடங்கும். பகல்வேலை முடித்த தொழிலாளி உறக்கத்தை ஈடாகக் கொடுத்து மாரடோனாவைக் கண்டார். தோலை வாழ்வாகக் கொண்ட பகுதிக்கு உலகக் கால்பந்து நேரடியாக வந்து சேர்ந்த அதே ஆண்டில் உலகக் கோப்பைப் பந்தில் தோல் இல்லாமற்போனது வரலாற்றின் முரண் எனலாம்.

4. இரு களங்களுக்கு இடையே

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. உருவானது. ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அதன் சொந்தக் களமாயிற்று. 2013இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி., 2017–18 பருவத்தில் இப்போட்டியில் இணைந்தது. ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் அதன் களம். சென்னை – பெங்களூரு இருப்புப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அமைந்த தோல்தொழிற்பகுதி, இவ்வாறு இரு பெருங்களங்களுக்கு இடையே நின்றது. வாலாஜாபேட்டை சென்னைக்கு அண்மையது. வாணியம்பாடி பெங்களூருக்கு அண்மையது. எனினும், அன்றாட வாழ்வில் இரண்டும் சேய்மையே.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3–2 என வென்றது. மாலை ஏழு மணியளவில் தொடங்கும் ஆட்டம் ஒன்பது மணிக்கு மேல் முடியும். அதன்பின் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். மறுநாட்காலை தொழிற்சாலைச் சங்கு. நுழைவுச்சீட்டின் விலையோடு பயணச்செலவையும் இழக்கும் ஊதியத்தையும் கூட்டினால்தான் களத்திற்குச் செல்வதன் உண்மையான விலை தெரியும். ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெரும்பான்மையினர் பெண்கள். இரவு தனித்துத் திரும்பும் பயணம் அவர்களுக்கு விலையைக் கடந்த தடையாகும். நக்கண்ணையார் நின்ற பனைமரத்தடியை இன்று திரை அளிக்கிறது.

மாநகரவாசிக்கும் களம் எப்போதும் உறுதியன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது. கொல்கத்தா அணியை 3–0 என வென்ற அவ்வாட்டத்தைச் சென்னை மக்களும் வாலாஜாபேட்டை மக்களைப் போன்றே தொலைவிலிருந்துதான் காண முடிந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் கோப்பையையும் அவ்வணி வென்றது.

5. ஆளில்லாக் களம் கற்பித்தது

அவ்வாறாயின் களத்திற்கு ஏன் செல்ல வேண்டும்? இதற்கு இரு நிகழ்வுகள் விடை தருகின்றன. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபேயை 5–0 என வென்றதைக் களத்தில் கண்டவர்கள் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் அணித்தலைவர் சுனில் சேத்ரி, குறை கூறுவதற்காகவேனும் மைதானத்திற்கு வாருங்கள் எனக் காணொளி வழியே வேண்டினார். ஜூன் 4 அன்று அவருடைய நூறாவது பன்னாட்டு ஆட்டத்திற்கான நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத்தீர்ந்தன. களத்தை நிரப்புவதற்கான அழைப்பு திரையின் வழியே வந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. திரை களத்தின் பகையாக மட்டும் இயங்குவதில்லை.

இரண்டாவது, பெருந்தொற்றுக் காலம். 2020–21 பருவம் முழுவதும் கோவாவில் பார்வையாளர் இன்றி நடந்தது. இல்லத்தில் காண்போருக்கு ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை. ஆயினும் ஏதோ குறைந்தது. ஐரோப்பியப் போட்டிகளை ஆராய்ந்தோர், ஆளில்லா மைதானங்களில் சொந்தக் களத்தின் சாதகம் குறைந்ததையும், வருகை அணியினர்மீது நடுவர் காட்டிய கடுமை தணிந்ததையும் கண்டறிந்தனர். அதாவது, களத்திலிருக்கும் பார்வையாளர் ஆட்டத்தைக் காண்பவர் மட்டுமல்லர். அதன் போக்கில் பங்குகொள்பவரும் ஆவார். இல்லத்தில் இருப்பவர் ஆட்டத்தைக் காண்கிறார். ஆட்டம் அவரை உணர்வதில்லை. இரு பார்வைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இதுவேயாகும். மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதியோ அண்மைக் காட்சியோ இவ்வேறுபாட்டை ஈடுசெய்வதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, களமா இல்லமா என்னும் தேர்வு அனைவர்க்கும் ஒத்த அளவில் திறந்திருக்கவில்லை. தொலைவு, வேலைநேரம், பாலினம் ஆகியவை பலருக்கு முன்னதாகவே முடிவு செய்துவிடுகின்றன. இரண்டு, திரை தோல்தொழிற்பகுதி மக்களிடமிருந்து சென்னை மைதானத்தைப் பறிக்கவில்லை. அது அவர்கள் எளிதில் சென்று சேரத்தக்கதாக என்றும் இருந்ததில்லை. உலக ஆட்டத்தைத் திரை அவர்களுக்கு வழங்கியது. பாப் லார்டு அஞ்சிய இழப்பு நேர்வது நடந்து செல்லும் தொலைவிலுள்ள பள்ளி, கல்லூரித் திடல்களுக்கே. ஆட்டம் தம்மை உணரும் இடத்தில் நிற்கும் வாய்ப்பு இப்பகுதி மக்களுக்கு அத்திடல்களில்தான் உண்டு. எனவே, அவற்றைக் கட்டடங்களிடம் இழக்காமல் காப்பதும், மாலை வேலைநேரம் முடிந்தபின் பெண்களும் வந்து நிற்கத்தக்கனவாக ஆக்குவதும் விளையாட்டுக் கொள்கையின் பகுதியாக வேண்டும்.

மூன்று, மைதானப் பார்வை நுழைவுச்சீட்டு, நாளிதழ், காவல்துறைக் குறிப்பு எனத் தடயங்களை விட்டுச்செல்கிறது. இல்லப் பார்வை நினைவில் மட்டுமே எஞ்சுகிறது. 1986இல் இரவு விழித்து ஆட்டம் கண்ட இளைஞர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். யாருடைய வீட்டில் பெட்டி இருந்தது, பெண்கள் எங்கு அமர்ந்தனர், மறுநாள் வேலைக்கு யார் தாமதமாகச் சென்றனர் என்பவற்றை வாய்மொழி வரலாறாகத் திரட்டுவது இப்பகுதிக் கல்லூரி ஆய்வாளர்கள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும். கட்டில் பிணித்த தொழிலாளி விழாவைச் சென்று கண்டானா என்பதைப் பாடல் கூறவில்லை. அவனுக்குப்பின் வந்தோர் எதை எங்கிருந்து கண்டனர் என்பதையேனும் நாம் பதிவு செய்ய வேண்டும்.